ஆழத்து வெப்பம் நமக்குப் பயன்படுமா?

ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றின் நீர் வெதுவெதுப்பாக இருப்பதை உங்களில் பலர் கவனித்திருப்பீர்கள். இன்னும் ஆழமாகத் துளைத்தால் கொதிநீரும், அதைக் கொண்டு மின்சாரமும் பெறலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பே. வறண்டுபோன போர் வைத்திருப்போருக்கு இந்த ஆசை இன்னும் கூடுதலாக இருக்கும்.

பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெப்பநிலை பொதுவாக 25 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு உயருகிறது. ஆயிரம் அடி என்பது 300 மீட்டர்தான். அங்கே கூடுவது எட்டு, ஒன்பது டிகிரியே. மின் உற்பத்திக்கு ஏற்ற 150 டிகிரியை எட்ட ஏறத்தாழ 5 கிலோமீட்டர், அதாவது 16,000 அடிக்கு மேல் இறங்க வேண்டும். இது நம் ஊர் ரிக் வண்டியால் ஆகும் வேலையன்று. எண்ணெய்க் கிணறு தோண்டும் பெரிய எந்திரங்கள் வேண்டும்.

பணமும் எந்திரமும் இருந்தால் போதுமா? பின்லாந்து நாட்டின் எஸ்போ நகரில், வீடுகளுக்கு வெப்பம் அளிப்பதற்காக, நம்முடையதைப் போன்ற பழங்காலக் கடினப்பாறையில் 6 கிலோமீட்டருக்கும் ஆழமாக இரு கிணறுகள் துளைத்தனர். ஒன்றில் நீரைச் செலுத்தி, பாறைச் சூட்டை ஏற்றி, மற்றொன்றில் எடுப்பது திட்டம். வெப்பம் இருந்தது, ஆனால் வேண்டிய அளவு நீர் பாறையினூடே செல்லவில்லை. திட்டம் வாணிப அளவில் கைகூடவில்லை. ஈரமே காணாமல் புழுதி மட்டும் பறந்த போரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சூடு எங்கும் உண்டு, ஊற்றுக்கண்தான் அரிது.

நீரை அழுத்திப் பாறையில் வெடிப்பு உண்டாக்கலாம். ஆனால் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 2006-இல் அவ்வாறு செய்தபோது 3.4 அளவுள்ள நில அதிர்வு ஏற்பட்டு, திட்டமே கைவிடப்பட்டது. அமெரிக்காவின் நெவாடாவில் 2023-இல் இதே முறை பலன் தந்தது. அங்கு குறைந்த ஆழத்திலேயே வெப்பம் மிகுதி. கிணறுகளைப் படுக்கைவாட்டில் திருப்பித் துளைத்தனர். நொடிக்கு 63 லிட்டர் நீர் ஓடி, 3.5 மெகாவாட் மின்சாரத்திற்கு வழி கிடைத்தது. நொடிக்கு 2 லிட்டர் வந்தாலே நாம் மகிழ்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வேளாண்மைக்கு மின்சாரத்தைவிட நேரடி வெப்பமே ஏற்றது என்பது என் கருத்து. நெதர்லாந்தில் 2007 முதல் தக்காளிப் பசுங்குடில்களைச் சூடேற்ற நிலத்தடி வெந்நீர் பயன்படுகிறது. அங்கு நீரோட்டமுள்ள மணற்பாறை அடுக்கு உண்டு; குளிரும் உண்டு. நம் நாட்டில் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு இதற்கு ஏற்ற இடம். கடினப்பாறைப் பகுதியில் மிளகாயும் கொப்பரையும் உலர்த்த வெயிலே போதும். பாலித்தீன் கூடார உலர்த்தி அமைத்தால் தூசியும் படாது.

ஆகவே வறண்ட போரை வெப்பத்திற்காக ஆழப்படுத்த எவரேனும் முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். மழைநீரை வடிகட்டும் குழி வழியாக அதில் இறக்கி, நிலத்தடி நீரைச் செறிவூட்டலாம். அதுவும் இயலாதெனில், குழந்தைகள் தவறி விழாதவாறு இரும்பு மூடியிட்டு இன்றே மூடிவிடுங்கள்.