படகில் ஏறும் முன் ஒரு நிமிடம்!



இந்த வருஷம் பள்ளிச் சுற்றுலா ஏற்காடு என்று சொன்ன நாளில் இருந்து எங்கள் வகுப்பில் ஒரே பேச்சு போட்டிங் தான். யார் யார் எந்தப் படகில், யார் பக்கத்தில் யார் என்று இப்பவே சண்டை. போய் வந்து கட்டுரை எழுதுவதை விட, போவதற்கு முன்னால் எழுதினால் பிரயோஜனமாக இருக்கும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். இதில் என் தப்பு ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நம் பக்கத்துப் படகுகள்

நம்ம சேலம், நாமக்கல் பக்கம் கடல் கிடையாது. ஆனாலும் படகு நமக்குப் புதுசு இல்லை. காவிரி இருக்கிறதே! ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுகிறது. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடி பரிசல் துறையில் இருந்து அக்கரையில் தர்மபுரி மாவட்டத்து நாகமரைக்குப் போகிறார்கள். எடப்பாடி பக்கத்தில் பூலாம்பட்டி. அங்கே கதவணையில் தண்ணீர் தேங்கி நிற்பதால் காவிரி ஏரி மாதிரி அகலமாகத் தெரியும். அந்த ஊரை ‘குட்டி கேரளா’ என்பார்கள். அங்கிருந்து ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு ஓடுகிறது. இவை தவிர ஏற்காடு ஏரி, கொல்லிமலை வாசலூர்ப்பட்டி, ஜேடர்பாளையம் ஆகிய இடங்களில் உல்லாசப் படகு உண்டு.

பரிசல் என்பது மூங்கில் பிளாச்சில் பின்னிய பெரிய கூடை தான். முன்பு மாட்டுத்தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாள் ஒட்டித் தார் பூசுகிறார்கள். அடி தட்டையாக இருப்பதால் கொஞ்சம் தண்ணீரிலும் போகும். பாறையில் இடித்தாலும் மூங்கில் வளைந்து கொடுக்கும். கரைக்கு வந்ததும் ஒரே ஆள் அதைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். சுமார் 1520-இல் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பயஸ், கூடை மாதிரி வட்டமான, தோல் போர்த்திய படகில் ஜனங்கள் ஆற்றைக் கடந்ததை எழுதி வைத்திருக்கிறார். இராக் நாட்டு ஆறுகளிலும், இங்கிலாந்து பக்கத்து வேல்ஸ் நாட்டிலும் இதே போல் கூடைப் படகு உண்டு. நம்ம ஊர்ப் பரிசலுக்கு இத்தனை சொந்தக்காரர்கள்!

நான் செய்த தப்பு

போன பொங்கல் லீவுக்கு அம்மாயி வீட்டுக்குப் போயிருந்தேன். கரிநாள் முடிந்து எல்லாரும் பூலாம்பட்டிக்குப் போய்ப் படகு ஏறினோம். ஏறும்போதே ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். நான் போட்டேன். ஆனால் வியர்வை வாசம் அடிக்குது, புதுப் பாவாடை தாவணி தெரியலை என்று கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

நடு ஆற்றில் ஒரு நீர்க்காகம் தண்ணிக்குள்ள முங்கி மீனோட மேலே வந்தது. “டேய், அங்க பாருங்கடா!” என்று கத்திக்கொண்டே எழுந்து நின்றேன். நான் எழுந்ததும் மாமா பசங்க மூணு பேரும் என் பக்கம் வந்துட்டாங்க. படகு ஒரே பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே அடித்து அம்மாயி சேலை நனைந்தது.

படகுக்காரர் எஞ்சினைக் குறைத்தார். திட்டவில்லை. “கண்ணு, உக்காரு. நீ ஒருத்தி எந்திரிச்சா மொத்தப் படகும் எந்திரிச்ச மாதிரி” என்றார். அவ்வளவு தான். அம்மாயி என் கையைப் பிடித்துக்கொண்டது. அது கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. கரை வரும் வரை விடவே இல்லை.

அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும் ஒன்பது பேர் இருந்தோம். அதில் மாமாவுக்கும், மாமா பசங்க இரண்டு பேருக்கும் தான் நீச்சல் தெரியும். மூன்றாவது பையன் ரொம்பச் சின்னவன். அம்மாயி, அம்மா, அத்தை, சித்தி, நான், யாருக்கும் தெரியாது. பொம்பளைகள் ஒருத்தருக்குக் கூடத் தெரியாது!

ஏன் சாய்ந்தது?

நம் ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ‘பாய்மங்கள்’ பாடம் இருக்கிறது. படகின் எடை கீழே இழுக்கிறது. தண்ணீர் மிதப்பு விசையால் மேலே தள்ளுகிறது. இரண்டும் சமமாக இருந்தால் படகு மிதக்கும். நாம் எழுந்து நின்றால் மொத்த எடையின் ஈர்ப்பு மையம் மேலே போய்விடும். அப்போது லேசாகச் சாய்ந்தாலும் படகு பழைய நிலைக்குத் திரும்புவது கஷ்டம்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நான் செய்தேன்.

பக்கெட்டில் தண்ணீர் வைத்து ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை மிதக்க விடுங்கள். சின்ன மருந்து பாட்டிலில் மணல் நிரப்பி மூடி, கிண்ணத்துக்குள் படுக்க வையுங்கள். கிண்ணம் நன்றாக மிதக்கும். அதே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். தொட்டாலே ஆடும். ஓரமாகத் தள்ளினால் தண்ணீர் உள்ளே வந்து முழுகிவிடும். பாட்டிலின் எடை மாறவில்லை, இடம் தான் மாறியது. (கிண்ணம் முழுகி அம்மாவிடம் திட்டு வாங்கினால் நான் பொறுப்பு இல்லை.)

நடந்து போன துக்கங்கள்

2009 செப்டம்பர் 30-இல் தேக்கடி பெரியாறு நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். மிருகங்களைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் போனதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2011 டிசம்பர் 25-இல் நம் மாநிலத்தின் பழவேற்காடு ஏரியில் பண்டிகை நாளில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 18-இல் குஜராத் வதோதராவில் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்தது. 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அவர்களும் நம்மைப் போலப் பள்ளிச் சுற்றுலா போனவர்கள் தான். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றி இருந்தார்கள், பலருக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. இதைப் படித்தபோது என் மடியில் கிடந்த ஜாக்கெட் தான் ஞாபகம் வந்தது.

படகில் நடந்துகொள்ளும் முறை

1. ‘ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். படகு ஏறும்போது அது நிஜமாகவே ஆபத்து. படகைக் கட்டிப் பிடித்த பிறகு ஒவ்வொருவராக ஏறணும். முதலில் பெரியவர்களும் குழந்தைகளும். குதிக்கக் கூடாது.

2. ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கிகளையும் மாட்டணும். தொளதொள என்று இருந்தால் தண்ணீரில் விழுந்ததும் அது தலைக்கு மேல் ஏறிவிடும், நாம் கீழே போய்விடுவோம். நம் உடம்புக்கு ஏற்ற அளவு கேட்டு வாங்கணும்.

3. எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதி இருக்கும். ஒருத்தர் கூட அதிகம் ஏறக் கூடாது. “ஃப்ரெண்டு தானே, இடிச்சுக்கிட்டு உக்காந்துக்கலாம்” என்பது பஸ்ஸோடு போகட்டும்.

4. எழுந்து நிற்பது, இடம் மாறுவது, ஆட்டிப் பார்ப்பது, செல்ஃபிக்காக ஓரத்தில் சாய்வது எதுவும் வேண்டாம். பறவையைப் பார்க்கணும் என்றால் உட்கார்ந்தே பார்க்கலாம். அது எங்கேயும் ஓடிவிடாது.

5. படகுக்காரர் சொல்வது தான் சட்டம். மழை, காற்று, தண்ணீர் வரத்து அதிகம் என்று அவர் ஓட்ட மாட்டேன் என்றால் கெஞ்சக் கூடாது. காவிரியில் வெள்ளம் வந்தால் ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை போடுவது நம்மைக் காப்பாற்றத் தான்.

6. ஆறு நம்முடைய விளையாட்டு மைதானம் மட்டும் இல்லை. வலை போட்டவருக்கு அது பிழைப்பு. படித்துறையில் குளிக்கிறவர்களுக்கு அது வீடு மாதிரி. அங்கே வேகத்தைக் குறைக்கணும். ஊளையிடுவது, போட்டோ எடுப்பது கூடாது. கேரளாவில் ஆலப்புழைப் பக்கம் மீனவர்கள் ராத்திரி வலை போடுவதால் படகு வீடுகள் சாயங்காலமே கரையில் கட்டி நிற்கும்.

7. பொரி, சிப்ஸ் கவர் எதையும் தண்ணீரில் போடாதீர்கள். அது நாமும் குடிக்கிற காவிரி.

8. படகு கவிழ்ந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மரமும் மூங்கிலும் மிதக்கும். யாராவது விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறு, கம்பு, தாவணி, மூடிய காலிக் குடம் எது இருக்கிறதோ அதை நீட்டுங்கள், அல்லது வீசுங்கள். பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

* நம் நாட்டில் ரோட்டில் இடது பக்கம் போகிறோம். ஆனால் நீரில் எதிரெதிரே வரும் படகுகள் வலது பக்கம் ஒதுங்கணும். இது உலகம் முழுக்க உள்ள விதி.
* பாய்மரப் படகுக்கும், வலை இழுக்கிற படகுக்கும் எஞ்சின் படகு தான் வழி விடணும். பலம் உள்ளவர் விட்டுக்கொடுக்கணும் என்பது எவ்வளவு நல்ல சட்டம்!
* 2016-இல் இந்தியாவில் தேசிய நீர்வழிகள் மொத்தம் 111 ஆயின. அந்தப் பட்டியலில் காவிரி–கொள்ளிடமும் உண்டு.
* 1917-ஆம் வருஷத்துப் பழைய படகுச் சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

நம்ம ஊரில் பசங்க எல்லாரும் கிணற்றில் சுரைப்புருடையோ, காலிக் கேனோ கட்டிக்கொண்டு நீச்சல் பழகிவிடுகிறார்கள். என் தம்பி ஏழு வயசிலேயே பழகிவிட்டான். நான் கேட்டபோது, “பொம்பளப் புள்ளைக்கு நீச்சல் எதுக்கு?” என்று ஆயா சொன்னது. பூலாம்பட்டியில் நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். எழுந்து நின்றது நான் தான் என்பதையும் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசவில்லை. மே மாச லீவில் என் முதுகில் கேனைக் கட்டி, இடுப்பில் கயிறு கட்டி, கிணற்றில் இறக்கிவிட்டார். இப்போது கேனோடு ஒரு சுற்று வருவேன். கேன் இல்லாமல் இன்னும் வரலை. வரும்.

தண்ணீருக்கு ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று தெரியாது. தோழிகளே, நீங்களும் வீட்டில் கேளுங்கள். பெரியவர் ஒருத்தர் கூட இருந்தால் மட்டும் இறங்குங்கள், தனியாக வேண்டாம். ஆசிரியர்களும் பெற்றோர் கூட்டத்தில் இதை ஒரு வார்த்தை சொன்னால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

ஏற்காட்டில் ஜாக்கெட்டை முதலில் மாட்டிக் கொக்கி போடுகிறவள் நானாகத் தான் இருப்பேன். வியர்வை வாசம் அடித்தாலும் பரவாயில்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆனால் உட்கார்ந்துகொண்டு சிரியுங்கள்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி