படகு கவிழ்ந்தால் யார் என்ன சொல்வது?

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அப்படியொரு நாள் மறுபடி வந்தால், மார்பை அழுத்தவும் ஆக்சிஜன் வைக்கவும் ஆரம்ப சுகாதார நிலையத்து ஆட்களுக்குத் தெரியும். தடுமாற்றம் பேச்சில்தான் வரும். யார் தலைமை, 108-ஐ யார் கூப்பிட்டது, டாக்டர் தவறவிட்டதை நர்ஸ் எப்படிச் சொல்வது? இதற்கு ஒரு மணி நேர ஒத்திகை போதும்.

புறநோயாளிகள் போன பிறகு, மதியம் வையுங்கள். மருத்துவ அலுவலர், ஸ்டாஃப் நர்ஸ், கிராம சுகாதார செவிலியர், முடிந்தால் 108 ஊழியர். கூனங்குப்பத்திலிருந்தோ லைட் ஹவுஸ் குப்பத்திலிருந்தோ ஒரு படகுக்காரர் கட்டாயம் வேண்டும். வாசலில் 'ஒத்திகை நடக்கிறது' என்று பெரிதாக எழுதி மாட்டுங்கள். இல்லாவிட்டால் குப்பமே திரண்டு வந்துவிடும்.

கதை எளிதாக இருக்கட்டும்: பத்து வயதுப் பையன், தண்ணீரில் முங்கியவன், மூச்சில்லை. பயிற்சிப் பொம்மை கிடைக்காவிட்டால் துணி திணித்த சாக்கு போதும். உயிருள்ள ஆள் மார்பில் அழுத்திப் பழகக் கூடாது.

இனி இரண்டு ரகசியச் சீட்டுகள். படகுக்காரர் சீட்டில்: 'பையன் ஐந்து நிமிடம் தண்ணீருக்குள் இருந்தான். படகில் இன்னொருவர் மயங்கிக் கிடக்கிறார். கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.' டாக்டர் சீட்டில்: 'மூச்சு கொடுக்காமல் மார்பை மட்டும் அழுத்துங்கள்.' இது வேண்டுமென்றே வைக்கும் தவறு; முங்கியவருக்கு முதலில் தேவை மூச்சு. நர்ஸ் வாய் திறக்கிறாரா என்று பாருங்கள். "டாக்டர், முங்கின கேஸ், இன்னும் மூச்சு கொடுக்கல" என்பது போதும். காதில் விழாவிட்டால் இன்னும் உரக்க ஒரு முறை. மரியாதைக் குறைவு என்ற தயக்கத்தை உடைக்கத்தான் இவ்வளவு ஏற்பாடும். 1977-இல் டெனெரிஃபில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் மாண்டபோது, ஓடுபாதை காலியா என்று விமானப் பொறியாளர் கேட்ட சந்தேகத்தை கேப்டன் ஒதுக்கித் தள்ளியிருந்தார். விமானிகளுக்கு இப்படித் தயங்காமல் பேசும் பயிற்சி வந்ததில் அந்த விபத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு அது மருத்துவத்துக்கும் வந்தது.

"யாராவது ஆம்பு பேக் எடுங்க" என்றால் ஒருவரும் எடுக்க மாட்டார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்: "செல்வி, ஆம்பு பேக்." பதில் வர வேண்டும்: "ஆம்பு பேக் எடுத்துட்டேன், டாக்டர்." 108-க்கு அணைத்த போனில் பேசுவதுபோல் நடித்தால் போதும்.

பத்து நிமிடத்தில் நிறுத்துங்கள். பிறகு இருபது நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள்; என்னைக் கேட்டால் முக்கியமான பகுதி இதுதான். முதலில் படகுக்காரர், கடைசியில் டாக்டர். "ஏன் செய்யல?" என்று தொடங்கினால் அத்தோடு எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். "அப்போ உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். படகில் கிடந்த இரண்டாவது ஆளைப் பற்றி யாருமே விசாரிக்கவில்லை என்பது அநேகமாக இங்கேதான் வெளிவரும். செல்போனில் படம் எடுத்திருந்தால் பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள்; வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால் அடுத்த தடவை யாரும் வர மாட்டார்கள்.

உடனே அதே கதையை மறுபடி நடத்துங்கள். அடுத்த மாதம் டாக்டர் விடுப்பில் இருப்பதாக வைத்துக்கொண்டு, பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கை எடுங்கள். பொன்னேரி அரசு மருத்துவமனைக்குப் போனில் யார், என்ன வரிசையில் சொல்வது என்பதை அன்று பழகலாம்.