தம்பியின் விரலுக்கு எட்டுகிற பிரேக்

போன ஆயுத பூஜைக்கு என் ஏழு வயசுத் தம்பியின் சைக்கிளைக் கழுவிப் பொட்டு வைத்தேன். மறுநாள் சரிவில் இறங்கியவன் நிறுத்த முடியாமல் லோங்காங்கில் விழுந்தான். நல்லவேளை, முழங்காலில் சிராய்ப்புதான். பிரேக் கெட்டுப்போகவில்லை, அவன் விரல் பிடியை எட்டவே இல்லை. எஞ்சினியரிங் படிக்கிற நான்தான் கவனிக்கவில்லை.

உங்க வீட்டிலும் பாருங்க. பல பிரேக் பிடிகளில் சின்னத் திருகு ஒன்று இருக்கும். அதை உள்ளே முடுக்கினால் பிடி ஹேண்டல் பக்கம் நெருங்கி வரும். அடுத்து, பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் படணும். டயரில் உரசினால் டயர் தேய்ந்து வெடிக்கலாம். முழுசா அழுத்தினாலும் பிடி ஹேண்டலைத் தொடக்கூடாது. தொட்டால், கேபிள் நுழையும் இடத்திலுள்ள உருண்டைத் திருகைக் கொஞ்சம் வெளியே திருப்புங்க, கேபிள் இறுகும். விட்டதும் சக்கரம் தடையில்லாமல் சுற்றணும். கேபிள் நைந்திருந்தால் கடையில் மாற்றுங்க.

பிறகு பிள்ளையையே அழுத்தச் சொல்லி, சைக்கிளைத் தள்ளிப் பாருங்க. முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் பின்சக்கரம் தூக்கிவிடும். இரண்டையும் சேர்த்து மெல்ல அழுத்தப் பழக்குங்க. மழையில் ரிம் நனைந்தால் நிற்க அதிக தூரம் ஆகும், முன்கூட்டியே பிடிக்கணும்.

இந்த வருஷம் பிரேக்கைப் பார்த்த பிறகுதான் பொட்டு வைப்பேன்.