மார்கழிக் காலையில் கிளம்பாத பழைய கார்

 

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முதல் ஷிஃப்டுக்குப் போகிறவரும், விடியும் முன் வலி கண்ட மகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவரும் நம் மஹல்லாவில் இன்னும் பழைய மாருதி 800-ஐயும் ஆம்னியையும் நம்பியிருக்கிறார்கள். மார்கழி பிறந்தால் வண்டி காலையில் மக்கர் செய்யும். "பனி ஒத்துக்கலை" என்போம். உண்மையில் நம் மாவட்டத்துப் பனி எஞ்சினை முடக்கும் அளவு கடுமையானதல்ல. கோடை வெயில் பாட்டரியைத் தின்றிருக்கும். மழை ஈரம் வயர்களில் ஏறியிருக்கும். பனி அதை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான்.

சாவியைத் திருப்பியதும் காதைக் கொடுங்கள். 'டக்' என்று நின்றாலோ, எஞ்சின் சோம்பலாகச் சுற்றினாலோ முதலில் பாட்டரியைப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் மீட்டர் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். பல நேரம் டெர்மினலில் பூத்த வெள்ளை உப்பே காரணம். முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, வாசலின் தடவுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். அருகில் பீடி, சிகரெட் கூடாது. பாட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும். தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே; போர் தண்ணீர் ஊற்றினால் பிளேட் கெடும். இதையெல்லாம் பார்க்காமல் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொன்னால் பர்ஸை எடுக்காதீர்கள்.

நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையா? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே உலர்ந்த துணியால் துடையுங்கள், பிளக் வயர்களையும். பிளக் கரி பிடித்திருந்தால் சுத்தம் செய்து, இடைவெளியை வண்டிக் கையேட்டில் உள்ளபடி வையுங்கள். கார்பரேட்டர் வண்டியில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, எஞ்சின் நிலைத்ததும் மெல்லத் தள்ளிவிடுங்கள். இழுத்தபடியே ஓட்டினால் கரும்புகை வரும், பெட்ரோல் வீணாகும், பிளக்கும் நனையும். டீசல் வண்டிக்கு ஹீட்டர் பிளக் விளக்கு அணையும்வரை பொறுமை தேவை.

செல்ஃபை ஒரே மூச்சில் 10 நொடிக்கு மேல் அடிக்காதீர்கள். அரை நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள்.

ஒன்று மட்டும் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். கதவடைத்த ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. தலைசுற்றல் வரும்போது எழுந்து வெளியே வரத் தெம்பிருக்காது. வண்டியை முதலில் தெருவுக்குத் தள்ளுங்கள், பிறகு சாவியைப் போடுங்கள்.