முதலில் பிரேக்

சிலாங்கூரில் உள்ள செப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடம் 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்ட அத்தடத்தில், சில நாள்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தித் தங்கள் மகிழுந்துகளை ஓட்டலாம். அதற்கென வண்டியை மாற்றியமைப்போர் பலர், இயந்திரத்தின் ஆற்றலைக் கூட்டுவதிலேயே முனைப்புக் காட்டுகின்றனர். ஆனால், முதலில் கவனிக்க வேண்டியது பிரேக் எண்ணெயைத்தான்.

நேர்ப்பாதையின் முடிவில் வேகத்தைக் குறைக்கும்போது, வண்டியின் இயக்க ஆற்றல் பிரேக் தட்டுகளில் வெப்பமாக மாறுகிறது. சாலையில் அவை ஆற நேரம் கிடைக்கும். தடத்திலோ அடுத்த வளைவு உடனே வந்துவிடும். வெப்பம் எண்ணெயையும் எட்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. டாட் 4 தர எண்ணெய், புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 155 பாகையை ஒட்டி இறங்கிவிடக்கூடும். கொதித்த எண்ணெயில் ஆவிக் குமிழ்கள் தோன்றும். நீர்மத்தைச் சுருக்குவது அரிது. ஆவியோ எளிதில் சுருங்கும். ஆகவே, ஓட்டுநர் கொடுக்கும் அழுத்தம் சக்கரங்களைச் சென்றடையாது. மிதிகட்டை மட்டும் தரைவரை அமுங்கும். எதிரே வளைவு!

இதனாலேயே அனுபவமுள்ளோர் தடத்திற்குச் செல்லுமுன் பழைய எண்ணெயை வெளியேற்றிப் புதியதை நிரப்புகின்றனர். அதிக வெப்பம் தாங்கும் பிரேக் பட்டைகளையும் பொருத்துகின்றனர். உறுமும் புகைபோக்கியின் விலையோடு ஒப்பிட்டால், எண்ணெய்க்கு ஆகும் செலவு சிறிதே. ஓட்டம் முடிந்ததும் ஒரு சுற்று மெதுவாக ஓட்டிப் பிரேக்கை ஆறவிடுவர். வண்டியை நிறுத்திய பின்னரும், சூடு தணியும்வரை கைப்பிரேக்கை இழுப்பதில்லை.