சர்ஜன் ஆக நினைக்கும் மருமகளுக்கு

கண்ணு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு மெடிக்கல் காலேஜுக்குப் போகிறாய். சர்ஜன் ஆகணும் என்றாயே, அந்த ஆசை வேர் பிடிப்பதும் பட்டுப்போவதும் முதல் இரண்டு வருஷத்தில் நீ எதைப் பார்க்கிறாய், யாரோடு நின்று பார்க்கிறாய் என்பதில்தான் இருக்கிறது.

1. சீக்கிரமே போய்ப் பார். எங்கள் காலத்தில் முதல் ஒன்றரை வருஷம் பிணமும் புத்தகமும்தான். 2019-ல் வந்த பாடத்திட்டம் முதல் வருஷத்திலேயே உன்னை நோயாளியின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதைச் சடங்காகக் கழித்துவிடாதே. புத்தகத்தில் அழவைக்கும் இங்குவைனல் கெனால், ஒரு ஹெர்னியா ஆபரேஷனைக் கிட்ட நின்று பார்த்தால் பிடிபட்டுவிடும்.

2. ஆபரேஷன் தியேட்டருக்குச் சாப்பிட்டுவிட்டுப் போ. முழங்காலை விறைத்துக்கொண்டு நிற்காதே. பச்சைத் துணி விரித்த எதையும் தொடாதே. தலை சுற்றினால் சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார். என்னோடு படித்த ஒருவன் முதல் நாளே மயங்கி விழுந்தான். தியேட்டர் சிஸ்டர் காபி கொடுத்து, "நாளைக்கும் வா தம்பி" என்றார். பின்னாளில் அவன் நல்ல எலும்பு சர்ஜன் ஆனான். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் தியேட்டர் பக்கமே வந்திருக்க மாட்டான்.

3. தியேட்டரில் பார்த்த நோயாளியை வார்டிலும் தேடிப் போ. மூணாறு பக்கத்து எஸ்டேட் அம்மா ஒருவருக்குக் கவாத்துக் கத்தி பட்டு விரலை மடக்கும் தசைநாண் அறுந்துவிட்டது. தைத்து முடித்ததும் மாணவர்கள் கலைந்து போனார்கள். ஒரு பெண் மட்டும் கட்டுப் பிரிக்கும் நாளெல்லாம் வந்தாள். வாரங்கள் கழித்து அந்த அம்மா விரலை மெதுவாக மடக்கி, கட்டைவிரலோடு சேர்த்து, கொழுந்து கிள்ளுவது போலச் செய்துகாட்டினார். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குத்தான் சர்ஜரி பிடித்தது. தையல் அரை வேலைதான் கண்ணு. மீதி அரை வார்டில் இருக்கிறது.

4. யாரைப் பார்த்து ஆசைப்படுகிறாய் என்று கவனி. கைத்திறமை இருந்தும் நர்ஸிடம் எரிந்து விழுகிறவர்கள் உண்டு. அவர்கள் கையைப் பார், வாயைப் பார்க்காதே. "பொண்ணுக்கு எதுக்கு சர்ஜரி, கல்யாணம் ஆனா சிரமம்" என்பார்கள். அப்போது இதை நினைத்துக்கொள்: பெண் என்பதற்காக அறிவியல் படிக்க இடம் மறுக்கப்பட்ட மேரி பூனன் லூக்கோஸ், 1938-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரல் ஆனார்.

5. மலை ஏறிப் போ. லீவு கிடைத்தால், அனுமதி கேட்டு, அட்டப்பாடியில் இருக்கும் கோட்டத்தறை பழங்குடியினர் ஆஸ்பத்திரியில் நாலு நாள் நில். இடுக்கி மலையில் இருக்கும் இடமலைக்குடியில் முதுவான் பழங்குடி மக்கள் நோயாளியை மூங்கிலில் கட்டிக் காட்டுவழியே சுமந்து வந்திருக்கிறார்கள். அப்படி வந்து சேருவதற்குள் குடல்வால் வெடித்துவிடலாம். அட்டப்பாடியில் ஆனைகட்டி வழியாகக் கோயமுத்தூருக்கும், குமுளியில் மலை இறங்கித் தேனிக்கும் ஆம்புலன்ஸ் ஓடுவதைப் பார். பெரிய காலேஜ் தியேட்டரில் இது தெரியாது; அங்கே நோயாளி மேஜைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கதை ஆரம்பிக்கிறது.

6. சம்மதப் படிவத்தில் கைநாட்டு வாங்கும் இடத்தில் இரு. மலையாளத்தில் எழுதியதைத் தமிழ் பேசும் எஸ்டேட் ஜனங்களுக்கு நீ நிதானமாகச் சொல்லலாம். கத்தி பிடிக்கும் முன்பே உன்னால் செய்ய முடிகிற வேலை இது.

7. பார்த்த பிறகும் மனம் ஒட்டவில்லையென்றால் விட்டுவிடு, வெட்கம் வேண்டாம். ஆனால் ஒரு நாளை வைத்து முடிவு செய்யாதே. பகல் ஆபரேஷனையும் பார், நள்ளிரவு கேஷுவாலிட்டியையும் பார். அதற்குப் பிறகு எனக்குப் போன் பண்ணு, பேசுவோம்.