தும்மல் மாத்திரை போடுகிறீர்களா?

நம் தாமல் ஊரில் தறியில் உட்காருபவருக்குத் தும்மல் வந்தால், கை முதலில் தேடுவது செட்ரிசின் அட்டையைத்தான். தூக்கம் வரும் என்பது தெரிந்ததே. தெரியாதவையும் உண்டு.

செட்ரிசினையோ லெவோசெட்ரிசினையோ மாதக்கணக்கில் தினமும் போட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால், சில நாட்களில் உடம்பெங்கும் கடும் அரிப்பு எடுக்கலாம். முன்பு அரிப்பே இல்லாதவருக்கும் இது வரும். அரிதுதான், ஆனாலும் 2025 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே எச்சரிக்கை விடுத்தது. நீண்ட நாள் போட்டவர்கள் மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள்.

அட்டையின் பின்பக்கம் 'மான்டெலுகாஸ்ட்' என்று இருக்கிறதா? நம் ஊரில் லெவோசெட்ரிசினோடு சேர்த்தே பெரும்பாலும் தருகிறார்கள். இதைச் சாப்பிடும் பிள்ளை கெட்ட கனவு கண்டு அலறினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், சோர்ந்து ஒதுங்கினால், 'சேட்டை' என்று அதட்டாதீர்கள். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரலாம் என்பதால் 2020-ல் அதே அமெரிக்க அமைப்பு இதற்குக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது.

அவில் போன்ற பழைய ரக மாத்திரையில் வாய் உலரும், பார்வை மங்கும். ஜரிகை இழை இரண்டாகத் தெரிந்தால் கண்ணாடியை மட்டும் குறை சொல்ல வேண்டாம். புராஸ்டேட் வீக்கம் உள்ள தாத்தாக்களுக்குச் சிறுநீரே அடைத்துக்கொள்ளலாம். தூக்கமும் வரும் என்பதால், போட்ட அன்று பெங்களூரு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டாதீர்கள்.

பக்கவிளைவைத் தெரிவிக்க மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி: 1800-180-3024.